சாயம் ஏறக்கூடாத இடம்

கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் போர்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஹாஸ்டலில் போய்ப் பெட்டியைப் பிரிக்கும்போது உன் கைக்குக் கிடைக்கும். கூடவே ஒரு பழுப்புக் கவர் இருக்கும். அதை முதலில் பிரிக்காதே, இதைப் படித்து முடித்த பிறகு பிரி. இது எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை. எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது என்பதும் உனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான்.

போன மாதம் நீ ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடி வந்து, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கிற படிப்பில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். தோசை கருகுகிற வாசம் எனக்கு எட்டவே இல்லை. நீதான் அடுப்பை அணைத்தாய். "ஏம்மா, டாக்டருக்குப் படிக்கலைன்னு வருத்தமா?" என்று கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன். உனக்கு முகம் சுருங்கிப் போனதைப் பார்த்தேன். எத்தனையோ படிப்பு இருக்க, என் மகன் போய் அந்த இருட்டு அறையின் வாசலில்தானா நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று நான் கொடுக்காத பதில்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவின் வலது கால் ஏன் மடங்குவதில்லை என்று சின்ன வயதில் நாலைந்து முறை கேட்டிருக்கிறாய். பஸ்ஸில் அவர் எப்போதும் ஓர சீட்டில் காலை நடைவழியில் நீட்டி உட்காருவார், கண்டக்டர்கள் திட்டுவார்கள், உனக்கு அவமானமாக இருக்கும். "மிஷினுக்கு அடியில குத்தவெச்சுக் குத்தவெச்சுத் தேஞ்சு போச்சு கண்ணு" என்றுதான் அவர் சொல்வார். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி நான்.

அப்போது உனக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. உன் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு இரண்டு நிட்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டமாகச் சுற்றி ஓடுகிற மிஷினுக்கு அடியில் பனியன் துணி ரோலாகச் சுருண்டு இறங்கும். அது நிறைந்ததும் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியை அறுத்து, ரோலைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழ வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கணக்கே இல்லை. அந்த வேலை உன் அப்பாவுடையது. நான் பிறந்த கணியூரில், எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கெமிஸ்ட்ரி பி.எஸ்சி. கல்யாணமான பிறகு ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். வாங்குகிறவர் அனுப்பிய சாம்பிள் துண்டுக்கு நிறம் ஒத்து வருகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்வது என் வேலை. வாய் திறக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும் என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

வீட்டில் அப்படி இருக்க முடியவில்லை. படித்த மருமகள் என்பது பெரியப்பாவுக்கு ஒரு விளையாட்டு. நேரே என்னைப் பார்த்துப் பேச மாட்டார், சுவரைப் பார்த்துப் பேசுவார். "ஏனுங் அம்மிணி, இந்தக் காப்பியில சக்கரை எத்தன பங்கு, தண்ணி எத்தன பங்குன்னு பி.எஸ்சி.ல சொல்லித் தரலீங்களா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். பேங்க் நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் பாரம், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற துண்டுச் சீட்டு. "தெரியலீங்க" என்று ஒரு முறைகூட நான் சொன்னதில்லை. ஆணவம் என்று நினைக்காதே, பயம்தான். கல்லூரியில் மூன்று வருஷம் ஒரு சந்தேகம்கூட எழுந்து நின்று கேட்காதவள் நான். தெரியாது என்று சொன்னால் அடுத்த நிமிடம், "அப்பறம் எதுக்கு இத்தன செலவு பண்ணிப் படிக்க வெச்சாங்க?" என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன்.

ஒரு முறை பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்தார்கள். கூடவே ஒரு தடிப் புத்தகம். ஊசி சேர்ந்தாற்போல உடைந்துகொண்டே இருந்தது. பெரியப்பா எல்லோர் முன்னாலும் புத்தகத்தை நீட்டி, "இங்கிலீஷ் படிச்சவங்க பாத்துச் சொல்லட்டுமுங்க" என்றார். பிரித்துப் பார்த்தேன். அது இங்கிலீஷே இல்லை. ஜெர்மன் பாஷையாக இருக்க வேண்டும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. படங்களை மட்டும் புரட்டினேன். ஒரு படத்தில் எண்ணெய்ச் சொட்டு போட்டிருந்த இடத்தைக் காட்டி, "இங்க எண்ணெய் வறண்டிருக்குமுங்க" என்றேன். அங்கே எண்ணெய் விட்டார்கள். மிஷின் ஓடியது! உன் அப்பா அன்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். படத்தைப் பார்த்தே எதையும் சொல்லிவிடலாம் என்கிற தைரியம் எனக்கு அன்றுதான் வந்தது. அந்த மிஷின் ஓடாமலே போயிருக்கலாம்.

அந்த வருஷம்தான் அப்பாவுக்கு முட்டி வலி ஆரம்பித்தது. ரோலோடு எழும்போது முட்டிச்சில்லுக்குப் பின்னால் மணல் நெரிபடுவது போலச் சத்தம் கேட்கும். கோயம்புத்தூரில் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்பின் மேல் இருக்கிற குருத்தெலும்பு தெரியாது, முட்டிக்குள் மருந்து ஏற்றிப் படம் எடுத்து வாருங்கள் என்று வேறோர் இடத்துக்கு அனுப்பினார். நானும் கூடப் போனேன். ஊசியில் மருந்தை மூட்டுக்குள் விட்டார்கள். காலை மடக்கி நீட்டச் சொன்னார்கள், வராந்தாவில் அங்குமிங்கும் நடக்கச் சொன்னார்கள். அசைத்தால்தான் மருந்து எல்லா இடத்துக்கும் போகும் என்றார் படம் எடுத்தவர். தொட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் சாயம் சமமாகப் பிடிக்கும், அது போல என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். உடனே ஒரு படம், அரை மணி கழித்து ஒரு படம் எடுத்தார்கள். ஏன் இரண்டு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மறுநாள் கவரை வாங்க நான் மட்டும் போனேன். ஷெட்டில் ஆர்டர் அவசரம். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்து, "படிச்சிருக்கீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்ப சரி" என்று கவரை நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். டாக்டரிடம் காட்டத்தான் அது. ஆனால் அன்று டாக்டர் ஊரில் இல்லை, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று கவரைப் பிரித்தேன். லேபில் துணியைப் பிடிப்பது போலவே இரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்தேன்.

முதல் படத்தில் முட்டிச்சில்லுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை. அதுதான் குருத்தெலும்பு. அதன் ஓரத்தில் மருந்து மெல்லிய வெள்ளைக் கோடாக நின்றது. இரண்டாவது படத்தில் கறுப்புப் பட்டையே இல்லை. மருந்து உள்ளே இறங்கி, பட்டை முழுவதும் வெளுத்திருந்தது. திட்டு இல்லை, கீற்று இல்லை, ஓரத்தில் ஒரு மாதிரி நடுவில் ஒரு மாதிரி இல்லை. ஆழம்வரை சமமாக ஏறியிருந்தது. அப்படி ஒரு துணி என் கைக்கு வந்தால் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கூடவே பின் குத்தியிருந்த காகிதத்தில், குருத்தெலும்பு மருந்தை நன்றாக உறிஞ்சியிருக்கிறது என்கிற பொருளில் இங்கிலீஷில் முதல் இரண்டு வரி இருந்தது. மீதி இரண்டு வரி எனக்குப் புரியவில்லை. புரிந்த வரி போதும் என்று தோன்றியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் எல்லோரும் ஷெட் வாசலில் நின்றார்கள். நான் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. "ஒண்ணுமில்லீங்க. மருந்து உள்ள வரைக்கும் நல்லா ஏறியிருக்குதுங்க. குருத்து நல்லா இருக்குதுங்க" என்றேன். பெரியப்பா முதல்முறையாகச் சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "பரவால்லீங்க அம்மிணி, ஊட்டுக்கு ஒரு படிச்ச புள்ள வேணுந்தான்" என்றார். அப்பா அன்றைக்கே ரோல் தூக்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து யாரும் டாக்டரிடம் போகவில்லை. நல்லா இருக்கிற காலுக்கு எதற்கு டாக்டர்? கவரை என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தேன், ஒரு சர்டிபிகேட்டை வைப்பது போல.

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை ரோலைத் தோளில் வைத்து எழுந்தவர் பாதியிலேயே நின்றுவிட்டார். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏற்றினார்கள். இந்த முறை வேறோர் ஆஸ்பத்திரி. அங்கே படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் ஒரு பெண். பழைய படம் இருக்கிறதா என்று கேட்டார். பெருமையோடு கொடுத்தேன் கண்ணு. அவர் அதை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் இருவரையும் பார்த்து, "இது தெரிஞ்சும் ரெண்டு வருஷம் ஏன் வரலை?" என்று கேட்டார்.

அவர் கோபக்காரர் இல்லை. கவரின் பின்புறத்தில் படம் வரைந்து பொறுமையாகச் சொன்னார். குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டியதெல்லாம் மூட்டுத் தண்ணீரிலிருந்து ஊறித்தான் போக வேண்டும். அதற்குள்ளே நெருக்கமாக ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு எதிர்மின்னூட்டம். முட்டிக்குள் விட்ட மருந்துக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும். அதனால் நல்ல குருத்தெலும்பு மருந்தைச் சுலபத்தில் உள்ளே விடாது. நேரம் ஆக ஆகக் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். அந்தப் பொருள் கரைந்து போய், குருத்து மெத்தென்று ஆன இடத்தில்தான் மருந்து இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு ஆழமாக இறங்கும். "வெள்ளையா தெரியறது எல்லாமே கெட்டுப்போன இடம்மா" என்றார்.

நீ இந்தப் பாடத்தை உன் வகுப்பில் படிப்பாய். அப்போது உன் அம்மாவை நினைத்துக்கொள். ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தண்ணீரில் நனைந்த பருத்திக்கு எதிர்மின்னூட்டம், சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும், அதனால்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறோம். தினமும் காலையில் என் கையால் உப்பை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தள்ளுகிற துணியை வழிக்குக் கொண்டுவருவதே என் பிழைப்பு. தள்ளுவதுதான் நல்ல குணமாக இருக்கிற ஓர் இடம் மனித உடம்பில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாயம் ஏறினால் நல்லது என்று பழகிய கண்ணால் உன் அப்பாவின் முட்டியைப் பார்த்துவிட்டேன்.

அந்த அறையில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அப்பா, "வேல மும்முரமுங்க. நாந்தானுங்க வராம இருந்துட்டேன்" என்றார். டாக்டர் அவரைத் திட்டினார். நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு ஆபரேஷன், கட்டு, மாதக்கணக்கில் படுக்கை. கால் நின்றது, ஆனால் மடங்கவில்லை. ஷெட்டைப் பெரியப்பா தனியாக எடுத்துக்கொண்டார். அப்பா உட்கார்ந்த இடத்தில் துணியைப் பார்த்துப் பிரிக்கிற செக்கிங் வேலைக்குப் போனார். இவ்வளவும் என் ஒரு வாக்கியத்தால் என்று யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அவருக்குச் சோறு போட்டேன்.

நீ இந்தப் படிப்புக்குப் போகிறாய் என்றதும் இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. ஒரு நாள் லீவில் வருவாய், புடவைக்கு அடியில் இருக்கிற கவரைப் பார்ப்பாய், ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாய். அதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ படம் பார்க்கப் போயிருந்தாய். அவர் காலை ஸ்டூலில் நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, உங்க கால் இப்பிடி ஆனதுக்கு நாந்தானுங்க காரணம்" என்றேன்.

அவர் பேப்பரை இறக்கவில்லை. "அந்தப் படத்தச் சொல்றயா?" என்றார்.

"எந்தப் படம்னு உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"வலி நிக்காம, நீ சொன்ன அடுத்த மாசமே நான் கோயமுத்தூரு போனனே. மிஷினுக்கு ஊசி வாங்கப் போறன்னு சொல்லீட்டு. உம் பொடவைக்கு அடியிலிருந்து கவர எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டினேன். குருத்து கெட்டிருக்குது, ஆறு மாசம் குத்தவெக்காத, பாரந் தூக்காதன்னாரு. கொண்டாந்து வெச்ச எடத்துலயே வெச்சுட்டேன்."

"அப்பறம் ஏனுங்க சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது அம்மிணி? அண்ணன் அன்னைக்குத்தான் மொதமொதலா உன்னயப் பாத்து ஒரு நல்ல வார்த்த சொன்னாரு. அடுத்த மாசமே போயி, அவ சொன்னது தப்புன்னு நிக்கச் சொல்றயா? அப்பறம் அவரு உன்னய விடுவாரா?"

"அது காலுங்க!"

"கால்தான?" என்றார்.

கண்ணு, டாக்டர் முன்னால் நான் அடைந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷம் அவர் தெரிந்தே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்போது ஒரு வாரம் அவர் மிஷினுக்கு அடியில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தார். "என்றா தம்பி, மாப்பளைக்குப் பலகை போட்டு விருந்து வெக்கறாங்களா?" என்று பெரியப்பா கேட்டார். மறுநாள் பலகையைக் காணோம். அந்தக் காகிதத்தில் பின் குத்திய ஓட்டை இரண்டு ஜோடி இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மிஷினில் ஓர் ஊசி தப்பினால்கூடத் துணியில் கண்டுபிடிக்கிறவள் நான். யாரோ பின்னைக் கழற்றி மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? எழுந்து போய் அவர் கையிலிருந்த பேப்பரைப் பிடுங்கிக் கிழித்தேன். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். அழுதேன். என் மரியாதையைக் காப்பாற்ற உங்கள் காலை யார் கேட்டது என்று கத்தினேன். அவர் திகைத்துப்போய், "ஏம்புள்ள, உனக்கு இவ்ளோ பேச வருமா?" என்றார்.

இதை அன்பு என்று நீ நினைத்துக்கொள்ளாதே. நானும் ஒரு நாள் முழுக்க அப்படி நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. நான் தெரியாது என்று சொல்லப் பயந்தேன். அவர் தப்பு என்று சொல்லப் பயந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே ஒரு நல்ல காலைக் கெடுத்தோம். இந்தப் பழக்கம் நம் வீட்டில் இருக்கிறது. உன்னிடமும் இருக்கிறது, அன்று சமையல்கட்டில் உன் முகம் சுருங்கியதே, அதற்கு மேல் நீ என்னிடம் ஒன்றும் கேட்கவில்லையே. கேட்டிருக்க வேண்டும்.

படிப்பு முடித்து நீ ஒரு கவுண்டரில் நிற்பாய். ஒரு பெண் வருவாள். புடவையை ஒழுங்காகக் கட்டியிருப்பாள், கையில் பேனா இருக்கும், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவாள். படிச்சிருக்கீங்களா என்று அவளைக் கேட்காதே. கவரை அவள் கையில் கொடுத்துவிட்டு, விடாமல் இன்னொரு முனையை நீ பிடித்துக்கொள். "இதைப் பார்த்து நீங்களா ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாமுங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க, எனக்கே இதெல்லாம் படிச்ச பிறகுதான் தெரிஞ்சுது" என்று சொல். அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இப்போது கவரைப் பிரி. இரண்டு படத்தையும் ஜன்னலில் பிடித்துப் பார். எனக்கு இன்றைக்கும் முதல் பார்வைக்கு அந்த இரண்டாவது படம் அழகாகத்தான் தெரிகிறது. எல்லாம் தெரிந்த பிறகும் என் கண் அதை நல்ல துணி என்றுதான் சொல்கிறது. அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. முதல் லீவுக்கு வரும்போது அதைக் கொண்டு வா. எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று உள்ளது உள்ளபடி சத்தமாகச் சொல். நம் வீட்டில் யாரும் இதுவரை அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

இவ்வளவையும் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு எடத்துல தப்பா எழுதியிருக்கறயே" என்றார். எங்கேங்க என்றேன். "ஊசி வாங்கப் போறன்னு சொல்லல. பெல்ட்டு வாங்கப் போறன்னுதான் சொன்னேன். போன ஞாயித்துக்கெழம நானே மாத்திச் சொல்லிப்போட்டேன், நீயும் அப்பிடியே எழுதிப்போட்டே. அது தப்பு."

அந்த இடத்தை நான் திருத்தவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பா என்னிடம் தப்பு என்று சொன்ன முதல் இடம் அது. அப்படியே விட்டிருக்கிறேன், நீ பார்க்க வேண்டும் என்று.

அம்மா